1000 கெஜத்தில் வெயில் செய்யும் வேலை: காற்றின் சூடு வேறு, மருந்தின் சூடு வேறு

குளிர்காலத்தில் 1000 கெஜத்துக்குச் சரிபார்த்து வைத்த .308 ரைஃபிள் (0.308 அங்குல விட்டமுள்ள குண்டு சுடுவது). அதே தோட்டா (பித்தளைக் குடுவை, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது), ரைஃபிளின் தொலைநோக்கியில் உயரத்துக்கு அதே டயல் எண். ஆனால் கோடையில் குண்டு இலக்கின் மேல்பாதியில் போய் விழுகிறது. குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில் வெப்பநிலையை மாற்றிக் கொடுத்தாலும் பாதிக் கணக்குதான் ஒத்துப்போகிறது, மீதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் அந்த மீதி, தோட்டாவுக்குள் இருக்கும் வெடிமருந்திலிருந்துதான் வருகிறது.

நீங்கள் செயலிக்குக் கொடுத்தது காற்றின் வெப்பநிலை. குழலை விட்டு வெளியே வந்த குண்டு எப்படிப் பறக்கும் என்பதை அது தீர்மானிக்கிறது. மருந்தின் வெப்பநிலையோ, குண்டு என்ன வேகத்தில் வெளியே வரும் என்பதையே மாற்றிவிடுகிறது. வெயில் நாளில் இந்த இரண்டு வெப்பநிலைகளும் அநேகமாக ஒன்றாக இருப்பதில்லை. காற்றைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், கருவி வாங்குகிறார்கள். மருந்தை வெயிலில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். நம் கட்டுப்பாட்டில் இருப்பது அந்த இரண்டாவது மட்டும்தான் என்பதால் எனக்கு இதில் ஆதங்கம் அதிகம்.

முதலில் காற்றை முடித்துவிடலாம். கடல்மட்ட அழுத்தத்தில், 15 டிகிரி செல்சியசில் ஒரு கனமீட்டர் காற்றின் நிறை 1.225 கிலோ. 0 டிகிரியில் அது 1.29 கிலோ, 40 டிகிரியில் 1.13 கிலோ. ஏறத்தாழ 3 டிகிரி கூடினால் காற்று 1 சதவீதம் மெலிகிறது என்று மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சுடுதளத்தில் கைக்கு உதவும் கணக்கு இது. மெலிந்த காற்றில் குண்டுக்கு எதிர்ப்பு குறைவு, வேகம் நிலைக்கிறது, பறக்கும் நேரம் குறைகிறது, ஆகவே விழுவதும் குறைகிறது. பக்கக் காற்று குண்டை ஒதுக்கித் தள்ளும் அளவும் அதோடு சேர்ந்து குறைகிறது. பலரும் உயரத்தை மட்டும் திருத்திவிட்டு இதை விட்டுவிடுகிறார்கள்.

எண்ணாகச் சொன்னால், 175 கிரெய்ன் (சுமார் 11.3 கிராம்) போட்டிக் குண்டு வினாடிக்கு 790 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது என்று வையுங்கள். 15 டிகிரியிலிருந்து 35 டிகிரிக்கு ஏறினால் காற்று ஆறரை சதவீதம் மெலிகிறது. அதனால் மட்டும் 1000 கெஜத்தில், அதாவது 914 மீட்டரில், குண்டு 35 முதல் 40 சென்டிமீட்டர் வரை மேலே அடிக்கும். அந்தத் தூரத்தில் ஒரு கோண நிமிடம் (ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) என்பது 26.6 சென்டிமீட்டர். ஆக, சுமார் ஒன்றரைக் கோண நிமிடத் திருத்தம். 300 மீட்டரில் சுடுபவர்களுக்கு இதே வித்தியாசம் ஒரு சென்டிமீட்டர் கணக்கில் அடங்கிவிடும். அதனால்தான் குறுந்தூரத்தில் பழகியவர்களுக்கு இந்தப் பிரச்சினையே தெரிவதில்லை.

ஒரே போட்டி இரண்டு விதமான காற்றில் நடந்ததற்கு நல்ல உதாரணம் காமன்வெல்த் விளையாட்டுகளின் ஃபுல்போர் என்ற நெடுந்தூர ரைஃபிள் பிரிவு. 2010-இல் தில்லி போட்டிக்காக இது குருகிராம் பக்கம் கதர்பூரில் உள்ள மத்திய ரிசர்வ் போலீஸ் படை வளாகத்தில், அக்டோபர் மாதத்தில் நடந்தது. தனிநபர் தங்கத்தை இங்கிலாந்தின் பராக் படேல் வென்றார். நான்கு ஆண்டுகள் கழித்து 2014 கிளாஸ்கோ போட்டிக்காக ஸ்காட்லாந்தின் கிழக்குக் கடற்கரையில் பாரி படன் என்ற இடத்தில் நடந்தது. அதில் தங்கம் டேவிட் லக்மனுக்கு. தில்லிப் பக்கம் அக்டோபர் பகல் 33 டிகிரியைச் சாதாரணமாகத் தொடும், தரையும் கடல்மட்டத்திலிருந்து 200 மீட்டருக்கு மேல். ஸ்காட்லாந்துக் கடற்கரைக் கோடையில் 20 டிகிரி வந்தாலே நல்ல வெயில் என்பார்கள், தரையோ கடலை ஒட்டியது. காற்றின் அடர்த்தியில் வித்தியாசம் வெப்பத்தால் நான்கு சதவீதத்துக்கு மேல், உயரத்தால் இரண்டு சதவீதத்துக்கு மேல். ஒரு களத்தின் எண்களை எழுதிய குறிப்பேட்டை அப்படியே மற்றொன்றில் பயன்படுத்தினால் முதல் குண்டே வளையத்தை விட்டு வெளியே போகும்.

உயரத்தைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். உயரம் வெப்பநிலையைவிடப் பலமானது. ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் காற்று ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் மெலிகிறது. தென்னாப்பிரிக்காவின் புளூம்ஃபான்டைனில் 1999-இல் பால்மா என்ற நெடுந்தூர ரைஃபிள் உலகப் போட்டி நடந்தது. அந்த ஊர் சுமார் 1400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கிலாந்தின் பிஸ்லி சுடுதளத்தில் பழகிய ஒருவருக்கு அந்த உயரம் கொடுக்கும் மாற்றம், வெப்பநிலை 40 டிகிரிக்கு மேல் ஏறியதற்குச் சமம். ஈரப்பதத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். ஈரக்காற்று கனமானது என்று பலரும் நினைக்கிறார்கள், உண்மையில் அது லேசானது. நீராவியின் மூலக்கூறு எடை 18, உலர்ந்த காற்றின் சராசரி 29. 35 டிகிரியில் காற்று முழுக்க ஈரமாக இருந்தாலும் அடர்த்தி இரண்டு சதவீதம்தான் குறையும்.

இனி மருந்து. என் பதிலின் மையம் இதுதான்.

மதிய வெயிலில் ஒரு சுடுதளத்தைப் பாருங்கள். பாயின் வலது ஓரத்தில் கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி, மூடி திறந்தபடி, அதில் ஐம்பது தோட்டாக்கள் முனை கீழே இருக்க வரிசையாக நிற்கின்றன. நிழலில் தொங்கும் வெப்பமானி 34 டிகிரி காட்டுகிறது. பெட்டியிலிருந்து ஒரு தோட்டாவை எடுத்தால் பித்தளை விரலைச் சுடுகிறது. அது 34 டிகிரியில் இருக்கும் உலோகம் அல்ல, 45 டிகிரிக்கு மேல் போய்விட்ட உலோகம். ஓர வரிசையில் வெயில் நேராக விழுந்த தோட்டாவுக்கும், நடுவில் மற்றவற்றின் நிழலில் நின்ற தோட்டாவுக்கும் இடையிலேயே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். பாயில் படுத்திருப்பவர் சுடச்சுட, குண்டுகள் மேலும் கீழுமாகப் பரவும். காற்றின் மேல் பழி போடுவார், தன் மூச்சின் மேல் பழி போடுவார். பெட்டியின் மேல் ஒரு வெள்ளைத் துண்டைப் போட்டிருந்தால் பாதிக்கு மேல் தீர்ந்திருக்கும்.

காரணம் எளிமையானது. மருந்துத் துகள் எரிய வேண்டுமானால் அதன் மேற்பரப்பு முதலில் பற்றும் வெப்பநிலைக்கு ஏற வேண்டும். ஏற்கெனவே சூடாக இருக்கும் துகளுக்கு அந்த ஏற்றம் குறைவு. அடுப்பில் பச்சைத் தண்ணீருக்குப் பதில் வெந்நீரை வைத்தால் சீக்கிரம் கொதிப்பது போலத்தான். எரிவேகம் கூடுகிறது, வாயு வேகமாகப் பிறக்கிறது, குழலில் தோட்டா உட்காரும் அறையில் அழுத்தம் ஏறுகிறது, ஏற்கெனவே ஏறிய அழுத்தம் எரிவதை இன்னும் வேகப்படுத்துகிறது. முடிவில் குண்டு கூடுதல் வேகத்தோடு வெளியே வருகிறது.

எவ்வளவு கூடும் என்பது மருந்தைப் பொறுத்தது. சாதாரண மருந்துகளில் ஒரு டிகிரி செல்சியசுக்கு வினாடிக்கு அரை மீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை கூடுவது வழக்கம். வெப்பத்துக்கு அதிகம் அசையாதபடி செய்யப்பட்ட குச்சி வடிவ மருந்துகளில் அது 0.1 முதல் 0.3 மீட்டர் அளவில் நிற்கிறது. ஆஸ்திரேலியாவின் முல்வாலா ஆலையில் தயாராகும் ஏடிஐ மருந்துகள் இந்த இரண்டாம் வகைக்குப் பேர்போனவை. அங்கே 2208 என்ற எண்ணில் விற்பதுதான் அமெரிக்காவில் வார்கெட் என்ற பெயரில் கிடைக்கிறது. .308-இல் நெடுந்தூரம் சுடுபவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இந்த நிதானமே முக்கியக் காரணம். உருண்டை வடிவ மருந்துகள் அளந்து போட வசதியானவை, ஆனால் பொதுவாக வெப்பத்துக்கு அதிகம் துள்ளுபவை. நைட்ரோகிளிசரின் கலந்த இரட்டை மூல மருந்துகளையும் கவனமாகவே அணுகுவேன். நம் நீலகிரியின் அருவங்காடு தொழிற்சாலையின் பெயரில் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கும் கார்டைட் அந்த வகையின் மூத்த குடும்பம். 1889-இல் பிரிட்டனில் உருவான அந்த மருந்தின் முதல் கலவையில் நைட்ரோகிளிசரின் மட்டும் 58 சதவீதம்.

இப்போது இரண்டையும் கூட்டிப் பாருங்கள். மேலே சொன்ன 175 கிரெய்ன் குண்டுக்கு, வினாடிக்கு 10 மீட்டர் வேக மாற்றம் 1000 கெஜத்தில் ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் மேல்கீழ் மாற்றம். குளிர்காலத்தில் 15 டிகிரி, கோடையில் காற்று 35, பெட்டியில் தோட்டா 45 என்று வைத்துக்கொள்வோம். டிகிரிக்கு 0.8 மீட்டர் துள்ளும் மருந்தானால் 24 மீட்டர் வேகம் கூடும், 75 சென்டிமீட்டர் மேலே போகும். காற்றால் வரும் 35 முதல் 40 சென்டிமீட்டரைச் சேர்த்தால் ஒரு மீட்டரைத் தாண்டிவிடுகிறது. அதே இடத்தில் 0.2 மீட்டர் மட்டும் அசையும் மருந்தானால் வேகத்தால் வருவது 20 சென்டிமீட்டருக்குள். அமெரிக்க 1000 கெஜ இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 20 அங்குலம், ரைஃபிளைத் தாங்கியில் வைத்துச் சுடும் எஃப் கிளாஸ் பிரிவில் அதில் பாதி. நடுவில் குறிவைத்தவர் எஃப் கிளாசில் 13 சென்டிமீட்டர் தவறினாலே பத்து போய்விடும்.

தோட்டா சூடாக வெயில் மட்டும்தான் காரணம் என்று நினைக்க வேண்டாம். குழல் அதைவிட மோசம். இருபது குண்டுகள் தொடர்ந்து சுட்ட பிறகு அறை நன்றாகச் சூடேறியிருக்கும். அதற்குள் தோட்டாவை ஏற்றி, அறையை அடைக்கும் போல்ட்டைப் பூட்டிவிட்டு, காற்று சாதகமாகத் திரும்பட்டும் என்று காத்திருப்பது எஃப் கிளாசில் பலரின் பழக்கம். காத்திருக்கும் ஒவ்வொரு நொடியும் பித்தளை வழியாக மருந்துக்குச் சூடு இறங்குகிறது. நீண்ட காத்திருப்புக்குப் பின் சுட்ட குண்டு காரணமே இல்லாமல் மேலே போனால், காரணம் அதுதான். காற்றுக்காகக் காத்திருங்கள், ஆனால் தோட்டாவைக் கையிலோ நிழலிலோ வைத்துக்கொண்டு காத்திருங்கள். ஏற்றிய பிறகு நிலைமை மாறிவிட்டதா, அந்தத் தோட்டாவை வெளியே எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ஆறியதை ஏற்றுங்கள். பிஸ்லியில் இரண்டு மூன்று பேர் மாறி மாறிச் சுடும் முறை இருப்பதாலும், ஒரு குண்டுக்கு 45 நொடிதான் என்ற வரம்பாலும் குழல் அவ்வளவு கொதிப்பதில்லை. அங்கே பழகியவர்கள் தொடர்ச்சியாகச் சுடும் முறைக்கு மாறும்போது இந்தச் சிக்கலை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

மருந்தின் குணத்தை டப்பாவில் எழுதியிருப்பதை வைத்து நம்பாதீர்கள். அது உங்கள் குழலுக்கும், உங்கள் அளவுக்கும், உங்கள் குண்டுக்கும் உரிய எண் அல்ல. குண்டின் வேகத்தை அளக்கும் வேகமானி இருந்தால் நீங்களே அளக்கலாம். ஒரே தொகுதியில் தயாரித்த தோட்டாக்களை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு பங்கு பனிக்கட்டிப் பையோடு குளிர்பெட்டியில், நீர் படாதபடி. ஒரு பங்கு நிழலில். ஒரு பங்கு அன்றைய வெயிலின் சூட்டில், மூடிய பெட்டியில். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு சிறு வெப்பமானி, குறைந்தது ஒரு மணி நேரம். பிறகு குழல் சூடேறாமல் இடைவெளி விட்டு, மூன்றையும் மாற்றி மாற்றிச் சுடுங்கள். பங்குக்குப் பத்துக் குண்டாவது வேண்டும். நல்ல தோட்டாவிலும் குண்டுக்குக் குண்டு வேகம் மூன்று மீட்டர் அளவுக்குச் சிதறும். பத்துக் குண்டு சுட்டால் சராசரியில் பிழை ஒரு மீட்டருக்கு வரும், மூன்று குண்டில் எடுத்த சராசரி உங்களை ஏமாற்றும். இன்னொன்று: இந்த உறவு நேர்கோடாக இருக்கும் என்று எண்ண வேண்டாம். 5 டிகிரியிலிருந்து 20 வரை அமைதியாக இருக்கும் மருந்து 30-க்கு மேல் துள்ளுவது உண்டு. டிகிரிக்கு இவ்வளவு வேகம் என்ற ஒரே ஒரு எண்ணைச் செயலியில் போட்டு எல்லா வெப்பநிலைக்கும் நீட்டினால் தவறும்.

அடுப்பிலோ, மூடிய காரின் கண்ணாடிக்குக் கீழோ தோட்டாவைச் சூடாக்கிச் சோதிக்க வேண்டாம். அதைவிட முக்கியமான எச்சரிக்கை, தோட்டாவைத் தாங்களே தயாரிப்பவர்களுக்கு. ஜனவரிக் குளிரில் உச்ச அளவுக்கு மருந்து போட்டு, எந்த அறிகுறியும் தெரியவில்லை என்று திருப்தி அடைந்த தோட்டா, மே மாத வெயிலில் உச்சத்தைத் தாண்டும். .308-க்கு ஐரோப்பிய சிஐபி தரம் அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 4150 பார். குளிரில் அந்த வரம்பை ஒட்டி நின்றால் சூட்டுக்கு இடமே மிச்சமில்லை. போல்ட்டைத் தூக்கவே பலம் தேவைப்பட்டால், தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் ப்ரைமர் தட்டையாகிப் பரந்திருந்தால், பித்தளையின் அடியில் பளபளப்பான வட்டத் தழும்பு விழுந்திருந்தால் அன்றைய சுடுதலை அங்கேயே நிறுத்துங்கள். போட்டி போனால் போகட்டும். கோடைக்கான அளவைக் கோடையில்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒலிவேகமும் இந்தக் கதையில் வருகிறது. 0 டிகிரியில் ஒலி வினாடிக்கு 331 மீட்டர், 35 டிகிரியில் 352 மீட்டர். குண்டு ஒலிவேகத்தை நெருங்கும்போது அதன் மேலான அழுத்தங்கள் இடம் மாறுவதால் தள்ளாடத் தொடங்கும். .308 குண்டு 1000 கெஜத்தை அடையும்போது அந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. சூட்டில் ஒலிவேகம் கூடுவதால் குண்டுக்குக் கெடுதல்தானே என்று கேட்கலாம். இல்லை, மெலிந்த காற்று குண்டின் வேகத்தை அதைவிட அதிகமாகக் காப்பாற்றுகிறது. என் கணக்கில் 175 கிரெய்ன் குண்டு குளிரில் மாக் 1.03 (ஒலிவேகத்தின் 1.03 மடங்கு) அளவிலும், 35 டிகிரியில் 1.06 அளவிலும் போய்ச் சேருகிறது. சிறிய வித்தியாசம், ஆனால் சாதகம் வெயிலுக்கே. சியராவின் 168 கிரெய்ன் மேட்ச்கிங் குண்டு இந்த எல்லையில் தடுமாறுவதற்குப் பெயர் எடுத்தது. 300 மீட்டர் போட்டிக்காக வடிவமைத்த அதன் வால்பகுதி 13 டிகிரி சரிவு கொண்டது, நெடுந்தூரத்துக்கு அது மிகச் செங்குத்து. குளிர் காலையில் அதை 1000 கெஜத்துக்கு அனுப்புவது வீண் வேலை.

அடர்ந்த குளிர்காற்று சுழன்றபடி நேராகப் பறக்கும் குண்டின் நிலைத்தன்மையையும் குறைக்கும். வரலாற்றில் இதற்கு ஒரு தெளிவான சான்று உண்டு. அமெரிக்காவின் ஏஆர்-15 ரைஃபிளின் தொடக்கக் குழல்களில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்ற கணக்கில், குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் இருந்தது. ஆர்க்டிக் குளிருக்கான சோதனைகளில் குண்டுகள் சரியாக நிலைக்காததால் 1963-இல் அதை 12 அங்குலத்துக்கு ஒன்று என்று மாற்றினார்கள். மைனஸ் 54 டிகிரியில் காற்று வழக்கத்தைவிட 30 சதவீதம் அடர்த்தியானது. நீங்கள் அந்தக் குளிரில் சுடப்போவதில்லை. ஆனால் மிக நீளமான குண்டை மெதுவான சுழற்சி கொண்ட குழலில் பயன்படுத்துபவர்கள் குளிர்காலத்தில் குண்டுகள் இலக்கில் அதிகம் சிதறுவதைக் கண்டால், முதலில் இங்கே பார்க்க வேண்டும்.

கானலைப் பற்றி விரிவாக எழுதினால் தனிப் பதிலாகிவிடும். சூடான தரையிலிருந்து எழும் அலை இலக்கின் பிம்பத்தை இடம் மாற்றிக் காட்டும், காற்று வீசும் திசைக்கே அதைத் தள்ளிக் காட்டும். குழலிலிருந்து எழும் கானலைத் தடுக்க, குழலின் மேல் ஒரு பட்டையை ஒட்டினால் போதும். தரைக் கானலோ காற்றின் வேகத்தைச் சொல்லும் நல்ல தகவல். தொலைநோக்கியை இலக்குக்குச் சற்று முன்னே குவித்து அதைப் படிக்கப் பழகுங்கள்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். செயலியில் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். கைப்பேசியின் வானிலைப் பக்கம் தருவது பெரும்பாலும் கடல்மட்டத்துக்கு மாற்றிய அழுத்தம். செயலி கேட்பது நீங்கள் நிற்கும் இடத்தின் உண்மையான அழுத்தம். 500 மீட்டர் உயரமுள்ள ஊரில் இந்த ஒரு குழப்பமே ஐந்தாறு சதவீதத் தவறைத் தரும். ஆனால் அந்தத் தவறு குளிர்காலத்திலும் இருந்திருக்கும், அன்று நீங்கள் வேக எண்ணை மாற்றி அதை மூடி மறைத்திருக்கவும் வாய்ப்பு உண்டு. கெஸ்ட்ரல் போன்ற, வானிலை அளக்கும் கைக்கருவி வைத்திருந்தால் அதை வெயிலில் பாயின் மேல் கிடத்தாமல், நிழலில், காற்றோட்டத்தில் தொங்கவிடுங்கள்.

அழுத்தம் சரியாக இருந்தால், அடுத்த முறை வேகமானியோடு போங்கள். நிழலில் மூடி வைத்த பத்துத் தோட்டாக்களைச் சுட்டு வேகம் எடுங்கள். பெட்டிக்குள் வைத்த வெப்பமானியின் எண்ணை அதோடு எழுதுங்கள், காற்றின் எண்ணைத் தனி வரியில் எழுதுங்கள். அந்த வேகம் குளிர்கால வேகத்தைவிடப் பத்துப் பதினைந்து மீட்டர் கூடுதலாக இருந்தால், உங்களுக்குக் குறையும் பாதி அங்கேயே கிடைத்துவிட்டது. செயலியில் மருந்து வெப்பநிலைக்குத் தனிக் கட்டம் இருந்தால் அதில் பெட்டியின் எண்ணைப் போடுங்கள். இல்லாவிட்டால் அன்று அளந்த வேகத்தையே நேராகக் கொடுங்கள். வேகம் மாறவே இல்லை என்றால் மருந்து குற்றவாளி அல்ல. அப்போது தொலைநோக்கியின் டயல் உண்மையில் எத்தனை நகர்கிறது என்பதை 100 மீட்டரில் உயரமான அட்டை வைத்து அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள், அங்கிருந்து தொடர்வோம்.